மூட்டு எங்கே நிற்கிறது? உடல் நெகிழ்வில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாடு குறித்து

தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கால்களை ஒரு பெட்டியின் மேல் பதித்துக்கொண்டு, விரல்நுனி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளக்கும் சோதனையை 1952இல் வெல்ஸ், டில்லன் என்னும் இருவர் முன்வைத்தனர். செலவு கிடையாது, ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பாடவேளையில் அளந்துவிடலாம். அதனாலேயே அது உலகெங்கும் பரவியது. நம் பள்ளிகளில் நடக்கும் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டிலும் அதுவே இருக்கிறது. ஒரு மாணவி முப்பது சென்டிமீட்டர் எட்டுகிறாள், அடுத்தவள் பன்னிரண்டு. முதலாமவளுக்கு நல்ல நெகிழ்வு என்றும் இரண்டாமவளுக்குப் பயிற்சி போதாது என்றும் ஏட்டில் ஏறுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பன்னிரண்டு எட்டியவளுக்குக் கால் நீளமாகவும் கை குட்டையாகவும் இருக்கலாம். தொடையின் பின்புறத் தசை இழுத்துப் பிடித்திருக்கலாம். இடுப்பெலும்பின் விளிம்பு தொடையெலும்பில் முட்டியிருக்கலாம். அல்லது எதுவுமே தடுக்காமல், ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று அவளுடைய நரம்பு மண்டலம் எச்சரித்திருக்கலாம். நான்கும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். மனிதரிடையே வேறுபடுவது நெகிழ்வு என்ற ஒற்றைப் பண்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வேறுபடுவது மூட்டின் அசைவு எந்த இடத்தில், எந்தப் பொருளால் நிறுத்தப்படுகிறது என்பதே. அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில், வெவ்வேறு விதிப்படி உருவாகின்றன. அவற்றுள் சில பயிற்சிக்கு இணங்கும், சில இணங்கவே இணங்கா.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மூட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பது வீச்சு. போகும் வழியில் எவ்வளவு எதிர்ப்புத் தருகிறது என்பது விறைப்பு. பேச்சுவழக்கில் வீச்சு குறைந்தவரையும் ‘இறுகிய உடம்பு’ என்கிறோம், எதிர்ப்பு மிகுந்தவரையும் அப்படியே சொல்கிறோம். ஆனால் வழி நெடுக இலகுவாகப் போய் முடிவில் சட்டென்று நிற்கும் மூட்டும் உண்டு. தொடக்கம் முதலே கனமாகத் திரும்பி வெகுதூரம் போகும் மூட்டும் உண்டு. 1962இல் ஜான்ஸ், ரைட் என்னும் இருவர் பூனையின் மணிக்கட்டு மூட்டை எடுத்து, அதன் எதிர்ப்பில் எந்தத் திசுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளந்தனர். மூட்டைச் சுற்றியுள்ள மூட்டுறைக்கு 47 சதவீதம், தசைக்கு 41, தசைநாணுக்கு 10, தோலுக்கு 2. பூனையின் எண்கள் மனிதருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் கணக்கு மாறும். எனினும் ‘தசையை நீட்டினால் உடல் வளையும்’ என்ற பொதுநம்பிக்கை பாதி எதிர்ப்பைக்கூட விளக்கவில்லை என்பதை அந்த ஆய்வு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

எலும்பிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதுவே மறுக்க முடியாத தடை. முழங்கையை நீட்டும்போது முன்கை எலும்பின் கொக்கி போன்ற முனை, மேற்கை எலும்பின் பின்புறக் குழியில் போய்ப் பொருந்தி நிற்கிறது. சிலருக்கு அந்தக் குழியின் தளம் முழுதாக மூடாமல் ஒரு துளையே இருக்கும். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்னோக்கி வளைவதோடு இதைச் சேர்த்துப் பேசுவர். இடுப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. கிண்ணத்தின் ஆழம், அது பார்க்கும் திசை, தொடையெலும்பின் கழுத்து முன்னோக்கித் திருகியிருக்கும் கோணம் ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். பிறக்கும்போது அந்தத் திருகல் நாற்பது பாகையை ஒட்டி இருக்கிறது. வளர வளரக் குறைந்து பெரியவர்களிடம் சராசரியாகப் பதினைந்துக்கு அருகில் வந்து நிற்கிறது. சிலருக்கு அவ்வளவு குறைவதில்லை. அவர்களுடைய தொடை உட்பக்கம் எளிதாகத் திரும்பும், வெளிப்பக்கம் திரும்பாது.

பரதநாட்டிய வகுப்பில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். அரைமண்டியில் முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய வேண்டும். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். எலும்புக் கழுத்தின் திருகல் மிகுந்த சிறுமியிடம் அது வராது. ‘இன்னும் நன்றாக உட்கார்’ என்று ஆசிரியை சொல்லும்போது அவள் சோம்பலால் உட்காராமல் இருப்பதில்லை. சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இடுப்பில் கிடைக்காததை முழங்காலைத் திருகியும் பாதத்தின் வளைவைச் சரித்தும் ஈடுகட்டுகிறாள். பாதம் பக்கவாட்டைப் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. பார்வைக்கு அரைமண்டி போலத்தான் இருக்கும். விலை கொடுப்பது முழங்கால். பத்தாண்டு கழித்து அந்த வலி மருத்துவரிடம் போகும்போது அதன் காரணம் ஒரு எலும்புக் கோணம் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது.

எலும்பே பழக்கத்தால் மாறாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு நம் துணைக்கண்டத்தில் ஒரு வரலாறு உண்டு. லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹேவ்லாக் சார்ல்ஸ் 1893இல் பஞ்சாபியரின் கால் எலும்புகளைப் பற்றி எழுதினார். கணுக்காலில் முன்னங்கால் எலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் முன்விளிம்பில் ஒன்றையொன்று தொடும் இடத்தில், ஐரோப்பியரிடம் அரிதாக உள்ள சிறு வழுவழுப்பான தளங்கள் பஞ்சாபியரிடம் இருந்தன. குத்தவைத்து உட்காரும் வழக்கமே அவற்றை உண்டாக்கியது என்றார். அதோடு நிற்காமல், பிறவாக் குழந்தையிடமும் அத்தளங்களைக் கண்டு, பெற்றோர் வாழ்நாளில் பெற்ற பண்பு பிள்ளைக்குக் கடக்கிறது என்னும் முடிவுக்குப் போனார். பின்னாளில் குத்தவைத்து உட்காராத ஐரோப்பியரின் எலும்புகள் சிலவற்றிலும் அதே தளங்கள் கண்டறியப்பட்டன. சார்ல்ஸின் பரம்பரைக் கோட்பாடு நிற்கவில்லை. ஆனால் அவர் பார்த்தது பொய்யன்று. வளரும் எலும்பின் மூட்டுப்பரப்பு பயன்பாட்டால் பேணப்படுகிறது என்பதற்கு அது நல்ல சான்றாகவே இருக்கிறது. தரையில் அமர்ந்து உண்டு, குத்தவைத்துப் பாத்திரம் துலக்கி, அதே நிலையில் களை பறித்து வளர்ந்த தலைமுறைக்குக் குதிகால் தரையில் பதிய உட்காருவது இயல்பு. நாற்காலியிலும் மேற்கத்தியக் கழிப்பறையிலும் வளர்ந்த பேரனுக்குக் குதிகால் தூக்குகிறது.

பழக்கமே எல்லாம் என்று சொல்வோரின் வலுவான ஆதாரம் இதுதான், அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது விளக்குவது தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடையிலான வேறுபாட்டை. எல்லாரும் குத்தவைத்து உட்காரும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், அக்கா வில்லாக வளைவதும் தங்கை மூங்கில் கழியாக நிற்பதும் ஏன் என்பதை அது விளக்குவதில்லை. பழக்கம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில் எஞ்சி நிற்கும் வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இரட்டையர் ஆய்வுகள் அந்தத் தேடலுக்கே உதவுகின்றன. 2004இல் ஹக்கீமும் உடன் ஆய்வாளர்களும் பிரித்தானியப் பெண் இரட்டையரிடம் மூட்டுத் தளர்வை ஆராய்ந்து, வேறுபாட்டில் ஏறத்தாழ எழுபது சதவீதம் மரபின் பங்கு என்று கணித்தனர். பின்லாந்தின் ஆண் இரட்டையரிடம் 2008இல் பாட்டியே குழுவினர் கீழ்முதுகை அளந்தபோது கிடைத்தது இன்னும் சுவையான செய்தி. முன்னால் குனிவதில் மரபின் பங்கு 64 சதவீதம். பின்னால் வளைவதிலோ 61 சதவீதம் வாழ்க்கைச் சூழலின் பங்கு. ஒரே ஆள், ஒரே முதுகு. ஒரு திசையில் பெற்றோர் கொடுத்ததும் மறு திசையில் வாழ்ந்த வாழ்க்கையும் மேலோங்கி நிற்கின்றன. நெகிழ்வை ஒற்றைப் பண்பாகக் கொள்ளும் எந்த விளக்கமும் இந்த முடிவின் முன் நிற்க முடியாது. எழுபது சதவீதம் என்பதை ஒரு தனியாளின் உடலில் எழுபது பங்கு மரபு என்று படிப்பது பிழை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஒரு மக்கள்தொகைக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கூற்று. சூழல் ஒரே மாதிரியாக ஆக ஆக அந்த எண் தானாகவே கூடும்.

மரபு எதன் வழியாக வேலை செய்கிறது? பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தின் வழியாக. தசைநாண், மூட்டுறை, எலும்பை எலும்போடு பிணைக்கும் பிணையநார், தோல் எல்லாவற்றுக்கும் பாவும் ஊடும் அதுதான். அதன் அமைப்பு கண்டறியப்பட்ட இடம் சென்னை என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு, மூன்று இழைகள் பின்னிய அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தனர். அடுத்த ஆண்டே, மூன்றும் ஒன்றையொன்று மெல்லச் சுற்றிச் செல்லும் சுருள் என்று திருத்திக் காட்டினர். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கு இன்றும் அந்த முப்புரிச் சுருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த அமைப்பில்தான் நம் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. மூன்று இழைகளும் நெருங்கிப் பின்ன வேண்டுமானால், ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஓர் இடத்தில் கிளைசின் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது, வேறு எதற்கும் நடுவில் இடம் போதாது. ஓர் இடத்தில் அது மாறிப்போனாலே கயிறு பழுதாகும். கயிறு திரித்தபின் அதை மற்றக் கயிறுகளோடு குறுக்கே கட்ட வேண்டும். அந்தக் குறுக்குக்கட்டு போட ஒரு நொதியும், அந்த நொதிக்குத் தாமிரமும் வேண்டும். இழைகளின் சுருள் நிலைபெற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது வருவதே பண்டைய மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி. எந்த வகைக் கொலாஜன் எந்த விகிதத்தில் கலக்கிறது, நூலிழை எவ்வளவு தடிமனாகிறது, குறுக்குக்கட்டு எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பவற்றில் ஏற்படும் சிறுசிறு மாற்றங்களே ஒருவரின் மூட்டுறையைத் தளர்வாகவும் மற்றவருடையதை இறுக்கமாகவும் ஆக்குகின்றன. நூலிழையின் தடிமனைக் கட்டுப்படுத்தும் ஐந்தாம் வகைக் கொலாஜனின் மரபணுவைக் கேப் டவுன் ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து, அதன் ஒரு வடிவத்தை நெகிழ்வோடும் நெடுந்தூர ஓட்டத் திறனோடும் தொடர்புபடுத்தினர். ஆனால் ஒரு மரபணு, ஒரு விளைவு என்ற கணக்கு இங்கே செல்லாது. பெரும்பான்மையோரிடம் பல மரபணுக்களின் சிறு பங்குகள் சேர்ந்தே தளர்வும் இறுக்கமும் அமைகின்றன.

இந்தத் தளர்வை அளக்க இன்று பெரிதும் பயன்படுவது பெய்ட்டன் அளவீடு. 1973இல் தென்னாப்பிரிக்காவின் சுவானா மக்களிடம் பெய்ட்டன், சாலமன், சோஸ்கோல்னே நடத்திய ஆய்வில் உருவான ஒன்பது புள்ளி அளவு அது. சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னால் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைப் பத்துப் பாகை தாண்டுகின்றனவா என்று இரு பக்கமும் பார்த்தால் எட்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை தரையில் பதிந்தால் ஒன்று. குழந்தைப் பருவத்தில் தளர்வு வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் குறைகிறது என்பதையும், எந்த வயதிலும் பெண்களிடம் கூடுதல் என்பதையும் அந்த ஆய்வே காட்டியது. சுண்டுவிரலை யாரும் பயிற்சி செய்து வளைப்பதில்லை என்பதால் பயிற்சியின் கறை படியாத அளவு இது என்பது என் கருத்து. ஒன்பதாவது புள்ளி மட்டும் விலக்கு. 1972இல் கிரஹாம், ஜென்கின்ஸ் இருவரும் பாலே மாணவர்களைச் செவிலிய மாணவியரோடு ஒப்பிட்டபோது, குனிந்து தரையைத் தொடுவது பயிற்சியால் வரக்கூடியது என்றும் மற்ற மூட்டுகளின் தளர்வு பிறவியிலேயே அமைவது என்றும் முடிவுசெய்தனர்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழி ஒழுக்கத்தைப் பற்றியது. ஆனால் திசுவைப் பற்றியும் அதில் ஓர் உண்மை இருப்பதை எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று உறுதிசெய்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கதிரியக்கக் கார்பனைப் பெருக்கின. உணவின் வழியே அது அக்கால மனிதரின் உடலில் சேர்ந்தது. சோதனைகள் நின்றபின் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஆகவே ஒரு திசுவில் உள்ள அந்தக் கார்பனை அளந்தால் அத்திசு எந்த ஆண்டுகளில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கில் ஹைனமையர் குழுவினர் 2013இல் குதிகால் தசைநாணை அப்படி அளந்தனர். அதன் நடுப்பகுதி முதல் பதினேழு ஆண்டுகளில் உருவாகி, அதன்பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படவே இல்லை. அதே ஆட்களின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருந்தது. அறுபது வயதுக்காரர் நடக்கும்போது அவருடைய குதிகாலில் இழுபடுவது அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது திரித்த கயிறு. ஐந்து வயது என்று பழமொழி சொன்னதை ஆய்வகம் பதினேழு என்று சற்று நீட்டிக் கொடுத்திருக்கிறது.

புதுப்பிக்கப்படாத கயிற்றில் அழுக்கும் ஏறும். இரத்தத்தில் உள்ள சர்க்கரை, நொதியின் உதவி இல்லாமலே, கொலாஜன்மீது ஒட்டி, காலப்போக்கில் இழைகளைத் தாறுமாறாகப் பிணைக்கிறது. முதுமையின் விறைப்பில் இதற்கு ஒரு பங்கு உண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் இது விரைந்து நடக்கிறது. நீரிழிவு உள்ள இளையோரிடம் விரல் மூட்டுகள் இறுகுவதை ரோசன்புளூம் 1974இல் எடுத்துக்காட்டினார். மருத்துவர்கள் அதைக் கண்டுபிடிக்கும் முறை நமக்கு மிகப் பழக்கமானது: கைகூப்பச் சொல்வார்கள். கூப்பிய கைகளுக்கு நடுவே விரல்கள் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் மூட்டுகள் இறுகிவிட்டன என்று பொருள். தோள்பட்டை இறுகிப்போவதும் இவர்களிடம் கூடுதல். 2011இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 10.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டது. கோயிலில் கைகூப்பி நிற்கும் வரிசையில் சிலருடைய விரல்கள் ஒட்டாமல் போவதை வயதின் இயல்பு என்று கடந்துவிடுகிறோம். அது வயது மட்டுமே அன்று.

தசையின் கதை இதற்கு நேரெதிர். அது எளிதில் மாறும். ஒவ்வொரு தசையிழைக்குள்ளும் டைட்டின் என்னும் புரதம் வில்கம்பி போல இருக்கிறது. அறியப்பட்ட புரதங்களில் அதுவே மிகப் பெரியது. ஓய்வில் இருக்கும் தசையை இழுத்தால் வரும் எதிர்ப்பில் கணிசமானது அதனுடையது. தசையின் நீளமும் நிலையானதன்று. 1972இல் தபாரி குழுவினர் பூனையின் கெண்டைக்கால் தசையை நீட்டிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தபோது அதன் சுருங்கு அலகுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடின; சுருக்கிய நிலையில் வைத்தபோது நாற்பது சதவீதம் குறைந்தன. கட்டைப் பிரித்த சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பின. ஆனால் வாரக்கணக்கில் இடைவிடாமல் கட்டிவைப்பதும் காலையில் முப்பது நொடி குனிந்து நிமிர்வதும் ஒன்றல்ல.

அப்படியானால் தினமும் நீட்சிப் பயிற்சி செய்பவருக்கு வீச்சு கூடுவது எப்படி? கூடுகிறது என்பதில் ஐயமில்லை. 1996இல் மேக்னுசன் குழுவினர் சிலரை மூன்று வாரம் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி செய்ய வைத்தனர். அந்தக் கால் முன்பைவிடக் கூடுதலாக நீண்டது. ஆனால் முன்பு நின்ற அதே கோணத்தில் அளந்தால் தசையின் எதிர்ப்பு இம்மியும் குறையவில்லை. மாறியது தசை அல்ல, எவ்வளவு இழுவையைப் பொறுத்துக்கொள்வது என்ற எல்லை. இழுவை பழகப் பழக, நரம்பு மண்டலம் அதை ஆபத்து என்று கொள்வதை விட்டுவிடுகிறது. பின்வந்த பல ஆய்வுகளும் சில வாரப் பயிற்சியைப் பொறுத்தவரை இதையே கண்டன. பக்கவாதம் போன்றவற்றால் மூட்டு இறுகியவர்களுக்கு ஏழு மாதத்துக்குள் அடங்கும் நீட்சி சிகிச்சையால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது, இயன்முறை மருத்துவத்தில் பலரையும் அதிரவைத்தது. நரம்பின் அனுமதி சிக்கலாக இல்லாமல் திசுவே சுருங்கிவிட்ட இடத்தில் நீட்சிக்கு அவ்வளவு சக்தி இல்லை.

நரம்பின் பங்கை வாசகர் இருந்த இடத்திலேயே சோதிக்கலாம். நாற்காலியில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, தொடையின் பின்னால் இழுவை தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது காலை அசைக்காமல் மோவாயை நெஞ்சோடு சேருங்கள். பலருக்கு இழுவை கூடும். தலையை நிமிர்த்தினால் குறையும். தொடைத் தசைக்கும் தலைக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. இழுபட்டது மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை தொடர்ந்து செல்லும் நரம்புப் பாதையும் அதன் உறையும். ‘தொடைத் தசை இறுக்கம்’ என்று பெயர் சூட்டி ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் சிலருக்கு இறுக்கம் தசையிலேயே இல்லை. (நரம்பை வலுவாக இழுத்து நீட்டுவது அதற்கு நன்மை செய்யாது, வலியோ மரப்போ தோன்றினால் விட்டுவிட வேண்டும்.)

நாளுக்குள்ளேயே வீச்சு மாறுவதும் இதே கணக்கில் சேரும். இரவில் முதுகெலும்பின் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் குனிவது கடினம். பகலில் உடல் எடை அவற்றை அழுத்தி நீரை வெளியேற்றியபின் சில பாகைகள் எளிதாகும். காலை ஆறு மணிக்கு அளந்த மாணவியையும் மாலை நான்கு மணிக்கு அளந்த மாணவியையும் ஒரே பட்டியலில் ஒப்பிடுவது சரியாகாது.

இவ்வளவையும் கேட்டபின் யோகம் பயின்றவர் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு, நியாயமானதுதான்: ‘கண் முன்னால் வளைந்து காட்டுகிறோமே?’ நெடுங்காலப் பயிற்சி நரம்பின் எல்லையைத் தள்ளும், தசையையும் ஓரளவு மாற்றும். குறிப்பாகக் குழந்தைப் பருவத்தில் தொடங்கினால் திசு உருவாகும் காலத்திலேயே அதைத் தொடும். ஆனால் மேடையில் நாம் பார்ப்பவர்கள் எஞ்சியவர்கள். வளையாதவர்கள் முதல் ஆண்டிலேயே வெளியேறிவிட்டார்கள். வளைந்தவர்கள் தங்கி ஆசிரியர்களாகி, தங்கள் உடலின் அனுபவத்தையே விதியாக்குகிறார்கள். மரபில் இதற்கு மாற்றும் உண்டு. சென்னையில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த யோக ஆசிரியர் தி. கிருஷ்ணமாச்சாரியா, ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்ற கொள்கையைத் தம் பிற்காலக் கற்பித்தலின் மையமாக்கினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியில் நடக்கிறது. இளமையில் நோயுற்று இறுகிய உடலோடு தொடங்கிய பி. கே. எஸ். அய்யங்கார் கட்டையும் பட்டையும் நாற்காலியும் கொண்டு ஆசனத்தை ஆளுக்கு இணக்கினார். உடற்கூறியல் சோதனைகள் தரும் அறிவை இவர்கள் கற்பித்த அனுபவத்திலேயே எட்டியிருந்தார்கள் என்பதை மதிப்போடு பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கூடுதல் வளைவு கூடுதல் நலம் என்ற எண்ணத்தையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். 1993இல் லார்சன் குழுவினர் 660 இசைக்கலைஞர்களை ஆராய்ந்தனர். மணிக்கட்டு தளர்ந்த 96 பேரில் அங்கே வலியோ இறுக்கமோ இருந்தது ஐவருக்கு; தளராத 564 பேரில் நூறு பேருக்கு. வாசிக்கும் மணிக்கட்டுக்குத் தளர்வு காப்பாக இருந்தது. அதே ஆட்களின் முழங்காலில் கணக்குத் தலைகீழ்: தளர்ந்த 132 பேரில் ஆறு பேருக்குத் தொல்லை, தளராத 528 பேரில் ஒருவருக்கு மட்டுமே. அசையும் மூட்டுக்கு உதவிய அதே தளர்வு, எடை தாங்கி அசையாமல் நிற்க வேண்டிய மூட்டுக்குச் சுமையாயிற்று. ஓட்டக்காரர்களிடமும் இதையே காண்கிறோம். சர்வதேசத் தரமுள்ள நெடுந்தூர ஓட்டக்காரர்களை 2002இல் ஜோன்ஸ் ஆராய்ந்தபோது, உட்கார்ந்து எட்டும் சோதனையில் குறைவாக எட்டியவர்களே ஒரே வேகத்தில் ஓடக் குறைந்த ஆக்சிஜனைச் செலவிட்டனர். விறைப்பான தசைநாண் அடிக்கு அடி ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. நம் பள்ளியில் பன்னிரண்டு சென்டிமீட்டர் எட்டியவள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு ஏற்ற கால்களோடு பிறந்தவளாக இருக்கலாம். அந்தச் சாத்தியத்தைச் சோதனை ஏடு கேட்பதே இல்லை.

மறுமுனையில், முப்பது எட்டியவளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். எல்லா மூட்டும் தளர்ந்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்கிறார்கள். சிலருக்கோ அது ஏலர்ஸ்-டான்லோஸ் கூட்டுநோயின் அடையாளம். 1901இல் டென்மார்க்கின் ஏலர்ஸும் 1908இல் பிரான்சின் டான்லோஸும் விவரித்த இந்தக் கோளாறுகள் 2017 வகைப்பாட்டில் பதின்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் மூட்டுத் தளர்வு மேலோங்கிய வகைக்கு மட்டும் உறுதிப்படுத்தும் மரபணுச் சோதனை இன்னும் இல்லை. மூட்டு நழுவல், ஓயாத வலி, அசதி என்று அலையும் இவர்கள் சிறுவயதில் பெரும்பாலும் வகுப்பின் பெருமையாக இருந்தவர்கள். மேடையில் அவர்களை வளைத்துக் காட்டிக் கைதட்டியவர்கள், தளர்ந்த மூட்டுக்கு வேண்டியது மேலும் நீட்சி அல்ல, சுற்றியுள்ள தசையின் வலு என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே அந்தப் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைப் பயன்படுத்தும் முறையை மாற்றச் சொல்கிறேன். ஒரு குழந்தையின் எண்ணை அவளுடைய சென்ற ஆண்டு எண்ணோடு, அதே நேரத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். பக்கத்தில் இருப்பவளோடு அல்ல. அளப்பதற்கு முன் பெய்ட்டனின் ஒன்பது அடையாளங்களைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். முதுகில் கைவைத்துக் கீழே அழுத்தும் பழக்கம் இன்றே நிற்க வேண்டும், ஏனெனில் அழுத்துபவரின் கைக்குத் தடை எலும்பா நாரா நரம்பா என்று தெரியாது. உட்கார்ந்திருப்பவளுக்கு ஓரளவு தெரியும். எங்கே நிற்கிறது என்று அவளிடம் கேட்கலாம். தொடையின் நடுவில் இதமாக இழுக்கிறது என்றால் பொறுமையாகத் தொடரலாம். முழங்காலுக்குப் பின்னால் சுரீரென்கிறது, பாதம் மரக்கிறது என்றால் அது நரம்பு, தளர்த்த வேண்டும். இடுப்பின் முன்மடிப்பில் இடிக்கிறது என்றால் எலும்போடு வாதாட முடியாது, கால்களைச் சற்று அகற்றி வைத்துக் குனியச் சொல்ல வேண்டும். எங்கேயும் இழுக்கவில்லை, இன்னும் போகலாம் என்றால் அவளை அங்கேயே நிறுத்தி, முழங்காலைத் தாங்கும் தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும்.